எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன் சைக்காலஜிஸ்டைப் பார்க்கப் போகிறீர்களா?

கோவையில் பேரியாட்ரிக் சர்ஜரி, அதாவது எடை குறைப்பு அறுவை சிகிச்சை, நடக்கும் ஒரு மருத்துவமனையில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக வேலை பார்க்கிறேன். அறுவை சிகிச்சைக்குத் தேதி கேட்டு வருகிறவர்களை சர்ஜன் முதலில் என்னிடம் அனுப்புவார். வந்து உட்கார்ந்ததும் பலர் கேட்பது இதுதான்: "மேடம், என்ன சொன்னா பாஸ் போடுவீங்க?" அவர்களிடம் நான் பேசுவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாஸ், ஃபெயில் என்று இதில் எதுவும் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு "செய்துகொள்ளலாம்" என்றுதான் எழுதித் தருகிறோம். சிலருக்கு "முதலில் இதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்" என்போம். கடுமையான மனச்சோர்வுக்கு இன்னும் சிகிச்சை எடுக்காதவர்கள், தற்கொலை எண்ணம் இருப்பவர்கள், குடியையோ போதைப்பொருளையோ விட முடியாமல் தவிப்பவர்கள், மனநோய் கட்டுக்குள் வராதவர்கள், சாப்பிட்டுவிட்டுத் தாங்களே வாந்தி எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஆகியோருக்குத்தான் தள்ளிப்போடச் சொல்கிறோம். டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிடுவது தடையே இல்லை. அதை மறைப்பதுதான் ஆபத்து. பைபாஸ் (இதயத்துக்கானது அல்ல, இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் எடை குறைப்பு அறுவை சிகிச்சை) செய்தபின் சில மாத்திரைகளை உடல் முன்போல உறிஞ்சாது. மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளை மாற்ற வேண்டியிருக்கலாம். லித்தியம் என்ற மனநல மருந்து எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி பார்த்தாக வேண்டும். அதனால் பழைய மருந்துச் சீட்டு ஒன்றுவிடாமல் எடுத்துவாருங்கள். தூக்க மாத்திரைச் சீட்டும் சேர்த்துத்தான்.

அப்பாயின்ட்மென்ட்டுக்கு இரண்டு வாரம் முன்பே ஒரு சின்ன நோட்டில் எழுதத் தொடங்குங்கள். கலோரிக் கணக்கு வேண்டாம், அதை டயட்டீஷியன் பார்த்துக்கொள்வார். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எங்கே, யாரோடு, அந்த நேரத்தில் மனம் எப்படி இருந்தது என்பது போதும். அடையாளத்தை மாற்றி ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு பள்ளி ஆசிரியை. காலையில் வெறும் காபி, மதியம் இரண்டு கரண்டி சாதம். "நான் சாப்பிடறதே இல்ல, எப்படி ஏறுதுன்னு தெரியல" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நோட்டை எழுதிய பிறகுதான் தெரிந்தது, இரவு பத்து மணிக்கு மேல் மாமியாரும் குழந்தைகளும் தூங்கியபின் சமையலறையில் நின்றபடியே முறுக்கு டப்பாவைக் காலி செய்கிறார் என்று. நாள் முழுக்க அவருக்கென்று கிடைக்கும் நேரம் அந்த அரை மணிதான்.

இதில் நான் நிறைய நேரம் செலவழிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்லீவ் சர்ஜரி என்ற இன்னொரு வகையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால் முதல் சில மாதங்கள் பசி வெகுவாகக் குறையும். ஆனால் இரவு பத்து மணித் தனிமை அப்படியே இருக்கும். சின்ன இரைப்பைக்குள் நான்கு இட்லி போகாது. ஐஸ்கிரீமும் சர்க்கரை போட்ட காபியும் கரையும் சாக்லேட்டும் சுலபமாகப் போகும். கைப்பிடி மிக்சரை ஒரு மணி நேரமாகக் கொறித்தால் அதுவும் போகும். குறைந்த எடை திரும்ப ஏறுவது பலருக்கு இந்த வழியாகத்தான். அந்த ஆசிரியையிடம் முறுக்கை விடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. அந்த அரை மணியில் வேறு என்ன செய்தால் உங்களுக்குப் பிடிக்கும் என்று கேட்டேன். தோழிக்கு ஃபோன், மொட்டை மாடியில் நடை என்று சிலவற்றை முயன்று பார்த்தார். அந்த மாற்று கைவந்த பிறகு அறுவை சிகிச்சைக்குப் போனார்.

வெட்கத்தால் பலர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. குறுகிய நேரத்தில் மற்றவர்களால் முடியாத அளவு சாப்பிடுவது, நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் போவது, பிறகு குற்ற உணர்ச்சியில் அழுவது. இது வாரம் ஒருமுறையாவது மூன்று மாதம் தொடர்ந்தால் அதற்கு பின்ஜ் ஈட்டிங் என்று மருத்துவத்தில் பெயரும் சிகிச்சையும் இருக்கின்றன. 'வாயைக் கட்டத் தெரியாதவள்' என்று வீட்டில் கேட்ட பேச்சை நீங்களும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். என்னிடம் சொல்லுங்கள். சொன்னதற்காக யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

வினாத்தாள்கள் தருவோம். அவற்றில் பி.எச்.க்யூ-9 என்பது ஒன்பது கேள்விகள் கொண்டது, கடந்த இரண்டு வாரம் மனம் எப்படி இருந்தது என்று கேட்கும். நல்ல பெயர் வாங்குவதற்காக எல்லாவற்றுக்கும் 'இல்லவே இல்லை' என்று டிக் போடாதீர்கள்.

குடியைப் பற்றித் தனியாகக் கேட்பேன், மனைவியையும் அம்மாவையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு. பைபாஸுக்குப் பிறகு மது ரத்தத்தில் வேகமாக ஏறும், முன்பைவிடக் குறைந்த அளவிலேயே போதை வரும். 2012-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், அறுவை சிகிச்சை முடிந்த முதல் ஆண்டில் மாற்றமில்லாமல் இருந்த குடிப் பிரச்சினை இரண்டாம் ஆண்டில் கூடியிருந்தது. சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலைச் சிலர் பாட்டிலில் தேடுகிறார்கள். சிகரெட்டையும் பல வாரங்கள் முன்பே விட்டுவிட வேண்டும், தையல் ஆறுவதற்கும் குடலில் புண் வராமல் இருப்பதற்கும்.

'ஏன் இந்த ஆபரேஷன்?' என்று நிச்சயம் கேட்பேன். முட்டி வலி, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு நிற்பது, பிள்ளையோடு ஓட முடியாதது என்று பதில் வந்தால் எனக்கு நிம்மதி. "பொண்ணு பார்க்க வர்றவங்க எல்லாம் வேண்டாம்னுட்டுப் போறாங்க, அம்மா சொல்றாங்க" என்று இருபத்தைந்து வயதுப் பெண் சொன்னால் அம்மாவைக் கூப்பிட்டுத் தனியாகப் பேசுவேன். முடிவு அந்தப் பெண்ணுடையதாக இருக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்பதும், தோல் தொங்கலாம் என்பதும், விட்டமினும் கால்சியமும் ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும் என்பதும் கல்யாணப் பேச்சுக்கு முன்பே இரு குடும்பத்துக்கும் தெரிந்திருப்பது நல்லது.

வரும்போது வீட்டில் சமைக்கிறவரைக் கூட்டி வாருங்கள். இது என் பிடிவாதம். முதல் இரண்டு வாரம் திரவ உணவு மட்டும், அப்புறம் மசித்தது, பிறகு மிருதுவானது. வழக்கமான சாப்பாட்டுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பருப்புத் தண்ணீரும் மோரும் குடித்துக்கொண்டிருக்கும் மகனைப் பார்த்து எந்த அம்மாவுக்கும் மனசு தாங்காது. "ரெண்டு வாய் தயிர்சாதம்தானே" என்று பிசைந்துகொண்டு வருவார். அந்த இரண்டு வாய் ஏன் கூடாது என்பதை அவர் மருத்துவரிடம் நேரில் கேட்டிருந்தால் வீட்டில் சண்டை வராது. கல்யாண வீட்டுப் பந்தியில் இலை நிறைய வைப்பவரிடம் என்ன சொல்வீர்கள் என்பதையும் இப்போதே சொல்லிப் பழகுங்கள். "வயித்துல ஆபரேஷன், கொஞ்சம்தான் சாப்பிடணும்" என்பது போதும். ஊருக்கெல்லாம் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒருவருக்குமே தெரியாமல் செய்துகொள்ள நினைத்தால் நான் சம்மதிக்க மாட்டேன். உடம்புக்கு ஏதாவது ஆனால் கூப்பிட இரண்டு பேராவது வேண்டும்.

பழக்கங்களை இப்போதே தொடங்கிவிடலாம். சின்னத் தட்டு, நன்றாக மென்று இருபது முப்பது நிமிடம் எடுத்துச் சாப்பிடுவது, சாப்பிட்டு அரை மணி கழித்தே தண்ணீர். தேதி குறித்ததும் "கடைசியா ஒரு தடவை" என்று பிரியாணிக் கடை பிரியாணிக் கடையாகச் சுற்றத் தோன்றும். கல்லீரல் சுருங்கினால்தான் சர்ஜனுக்கு உள்ளே இடம் கிடைக்கும், அதற்காகத்தான் முன்கூட்டியே டயட் தருகிறார்கள். பிடித்த உணவைப் பிரிவது துக்கம்தான். அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், அழுகை வந்தால் அழுங்கள்.

வீடு திரும்பிய சில வாரங்களில் 'ஏன்தான் செய்துகொண்டோமோ' என்று பலருக்கும் தோன்றும். வலியும் சோர்வும் சேர்ந்த அந்த நாட்கள் பெரும்பாலும் தானாகக் கடந்துவிடும். நான் அதிகம் கவலைப்படுவது இரண்டாவது ஆண்டைப் பற்றித்தான். எடை இறங்குவது நின்று, கொஞ்சம் ஏறவும் செய்யும். 1987-இல் தொடங்கி நெடுங்காலம் நடந்த ஸ்வீடன் ஆய்விலும் அப்படித்தான், ஓரளவு ஏறிய பிறகு நிலைத்தது. பாராட்டுகள் நின்றுபோயிருக்கும், ஆனால் வீட்டுப் பிரச்சினைகள் அங்கேயே இருக்கும். கனடாவின் ஒன்டாரியோவில் நடந்த ஆய்வில், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வருவது அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகக் கூடியிருந்தது. அதில் பெரும்பகுதி இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் நடந்தது. அவர்களில் மிகப் பலர் முன்பே மனநலப் பிரச்சினை இருந்தவர்கள்.

அதனால் முதல் சந்திப்பிலேயே அடுத்த தேதிகளையும் கேட்டு வாங்குங்கள்: மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு, பிறகு இரண்டாம் ஆண்டில் இருமுறை. எடை நன்றாக இறங்கியிருந்தாலும் வாருங்கள். இடையில் வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ஐ அழைக்கலாம், இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை உங்கள் ஃபோனிலும், கூட வருகிறவர் ஃபோனிலும் பதிந்துகொள்ளுங்கள்.