ஐந்து நாடுகள், 16 இரவுகள்: ஐரோப்பாவைச் சுற்றிவரத் திட்டமிடுவது எப்படி?

ஐரோப்பாவுக்கு முதல்முறை கிளம்புகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். பாரிஸ், ரோம், சுவிட்சர்லாந்து, ஆம்ஸ்டர்டாம், பிராக் என்று பத்து நாளில் ஏழு நாடு. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கணக்குப் போட்டுப் பார்த்ததும்தான், பாதிப் பயணம் பெட்டியை இழுத்துக்கொண்டு ரயில் மேடையில் நிற்பதிலேயே போய்விடும் என்று புரிந்தது. அன்றிலிருந்து ஊர்களை எண்ணுவதை விட்டுவிட்டு இரவுகளை எண்ண ஆரம்பித்தேன். அதை ஒரு முழு உதாரணத்தோடு சொல்கிறேன்.

படி 1: வட்டம் போடுங்கள்

வரைபடத்தில் கண்டத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாம் நடு ஐரோப்பாவை எடுப்போம். வியன்னா (ஆஸ்திரியா), பிராக் (செக் குடியரசு), புடாபெஸ்ட் (ஹங்கேரி), லியுப்லியானா (ஸ்லோவீனியா), வெனிஸ் (இத்தாலி), மறுபடி வியன்னா. கோடு எங்கேயும் குறுக்கே ஓடவில்லை. விமானம் இறங்குவதும் ஏறுவதும் ஒரே ஊர் என்பதால் சாதாரண ரிட்டர்ன் டிக்கெட் போதும்.

சின்ன வட்டம்தான், ஆனால் ஒவ்வொரு எல்லையிலும் மொழி மாறும். ஜெர்மன், செக், ஹங்கேரியன், ஸ்லோவீனியன், இத்தாலியன். இதில் ஹங்கேரியன் அக்கம்பக்கத்து மொழிகளோடு ஒட்டாதது. பின்னிஷ் மொழிக்குத்தான் தூரத்துச் சொந்தம். புடாபெஸ்டில் பெயர்ப் பலகையைப் பார்த்து ஊகிக்கும் வேலையெல்லாம் நடக்காது.

படி 2: இரவுகளைப் பங்கிடுங்கள்

ஓர் ஊரில் இரண்டு இரவு தங்கினால் கையில் கிடைப்பது ஒரே ஒரு முழு நாள். இதை மனதில் வைத்துப் பிரிப்போம்: வியன்னா 2, பிராக் 3, புடாபெஸ்ட் 3, லியுப்லியானா 2, வெனிஸ் 3, இரவு ரயிலில் 1, கடைசியாக வியன்னாவில் 2. மொத்தம் 16. ஓர் ஊருக்கு ஓர் இரவு என்று எங்கேயும் வைக்காதீர்கள். அது ஊர் பார்ப்பதில் சேராது.

படி 3: விசா

இந்த ஐந்தும் ஷெங்கன் நாடுகள், அதாவது சுற்றுலா விசாவைப் பொதுவாக வைத்துக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டம். ஆகவே ஒரே விசா போதும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அது கட்டாயம். எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாள்கள் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். நம் திட்டத்தில் பிராக், புடாபெஸ்ட், வெனிஸ் மூன்றுக்கும் மும்மூன்று இரவு. வியன்னாவில் முன்னும் பின்னுமாகச் சேர்த்தால் நான்கு. ஆக, ஆஸ்திரியா. பிராக் பிடித்துப்போய் அங்கே ஏழு இரவு என்று மாற்றினால் விண்ணப்பம் செக் குடியரசுக்குப் போகும். அதனால்தான் இரவுகளை முடிவு செய்யாமல் விசா பக்கம் போகாதீர்கள் என்கிறேன்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது முடியாது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு வேண்டும். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ. விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய அறைகளை மட்டும் பதிவு செய்யுங்கள்.

ஒரு பொறியும் உண்டு. புடாபெஸ்ட் வரை வந்தவர்களுக்கு, பக்கத்தில்தானே பெல்கிரேடு, எட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். ஆனால் அது செர்பியாவின் தலைநகரம், செர்பியா ஷெங்கனுக்கு வெளியே இருக்கிறது. உங்கள் விசா ஒருமுறை நுழைவு மட்டும் என்றால், போனவர் திரும்பி உள்ளே வர முடியாது.

படி 4: ஊருக்கு ஊர் எப்படிப் போவது

வியன்னாவிலிருந்து பிராக் ரயிலில் நான்கு மணி நேரம். பிராக்கிலிருந்து புடாபெஸ்ட் ஏறக்குறைய ஏழு. இந்த ரயிலில் மட்டும் வலப்பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். வழியில் வரும் ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் போனதும், டான்யூப் ஆற்றின் அக்கரையில் ஹங்கேரியின் எஸ்டெர்கோம் ஊர்ப் பேராலயத்தின் பெரிய குவிமாடம் தெரியும். அப்புறம் ஆறு வளைந்து தெற்கே திரும்ப, ரயிலும் கூடவே திரும்பும். ஏழு மணி நேரம் உட்கார்ந்ததற்கு அந்த அரை மணி போதும்.

புடாபெஸ்டிலிருந்து லியுப்லியானாவுக்கு ரயில் என்றால் பகல் முழுதும் போய்விடும். பேருந்து அதைவிட சீக்கிரம். அங்கிருந்து வெனிஸுக்கும் பேருந்துதான் எளிது. வெனிஸிலிருந்து வியன்னாவுக்கு இரவு ரயில்: படுத்து எழுந்தால் ஊர், ஓர் இரவு அறை வாடகையும் மிச்சம்.

ரயில் பாஸ் வாங்கலாமா என்று கேட்பார்கள். இந்த வட்டத்துக்கு வேண்டாம் என்பேன். தனித்தனி டிக்கெட்டுகளை முன்கூட்டியே வாங்கினாலே மலிவாக முடியும்.

படி 5: எந்தக் கிழமை இறங்குவது?

இதை யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்காமல் ஒரு ஞாயிறு மதியம் வியன்னாவில் போய் இறங்கினேன். ஞாயிறு என்றால் அங்கே சூப்பர் மார்க்கெட் எதுவும் திறக்காது. திறந்திருந்தது பெரிய ரயில் நிலையத்துக் கடை ஒன்றுதான். ஊரே அங்கே வரிசையில் நின்றது. ராத்திரிச் சாப்பாடு ரொட்டியும் சீஸும்.

புடாபெஸ்டில் பெரிய கலைக்கூடங்கள் திங்களன்று மூடியிருக்கும். டோஹாணி தெருவிலுள்ள யூதர் வழிபாட்டுக்கூடம் ஐரோப்பாவிலேயே பெரியது; அதற்கு சனிக்கிழமை விடுமுறை. வெனிஸின் புனித மாற்கு பேராலயத்தில் ஞாயிறு காலை வழிபாடு, சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை.

இப்போது நம் திட்டத்தை வியாழனில் தொடங்கிப் பாருங்கள். புடாபெஸ்டில் புதனும் வியாழனும் முழுசாகக் கிடைக்கும். லியுப்லியானாவில் கிடைக்கும் ஒரே முழு நாள் சனி. ஆற்றோரச் சந்தை அன்று உண்டு, மறுநாள் இல்லை. வியன்னாவில் ஞாயிறே வராது. செவ்வாயில் தொடங்கினால் புடாபெஸ்டில் திங்கள் வந்து மாட்டும்.

படி 6: பணமும் மற்றதும்

செக் குடியரசில் கொருனா, ஹங்கேரியில் ஃபோரிண்ட், மற்ற மூன்றிலும் யூரோ. ஏடிஎம் திரையோ கடைக்காரரின் கார்டு இயந்திரமோ 'உங்கள் நாட்டுப் பணத்திலேயே கழித்துக்கொள்ளட்டுமா?' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த வசதிக்கு அவர்கள் போடும் மாற்று விகிதம் நமக்கு நஷ்டம்.

உடைகளில், தோளையும் முழங்காலையும் மூடுகிற மாதிரி ஒன்றாவது இருக்கட்டும். மாற்கு பேராலயத்தில் கேட்பார்கள். நன்றி சொல்ல ஐந்து மொழியிலும் ஒரு சொல் போதும்: டாங்கே, தியெகுயி, கொசொனொம், ஹ்வாலா, கிராட்சியே. புடாபெஸ்டில் கொசொனொம் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நாக்கு சுளுக்கியது, கடைக்காரம்மா சிரித்துவிட்டுத் திருத்திக் கொடுத்தார்.

கடைசி இரண்டு வியன்னா இரவுகளை மட்டும் வேறு எதற்கும் கடன் கொடுக்காதீர்கள். இரவு ரயில் தாமதமானாலோ ரத்தானாலோ விமானத்தைப் பிடிக்க இருக்கும் அவகாசம் அதுதான். எதுவும் நடக்காவிட்டால், துணி துவைத்துப் பெட்டி கட்டலாம்.