உடுப்பில்லாமல் ஏரியில் குளிக்க: ஹன்லன்ஸ் பொயின்ற்றுக்கு முதல்முறை போகிறவருக்கு

ரொறன்ரோ நகருக்கு எதிரே, ஒன்ராறியோ ஏரித் தீவுகளின் மேற்கு ஓரத்தில் ஹன்லன்ஸ் பொயின்ற் என்றொரு மணற்கரை இருக்கிறது. அங்கே உடுப்பு அவரவர் விருப்பம். போட்டுக்கொண்டும் இருக்கலாம், கழற்றிவிட்டும் இருக்கலாம்.

எனக்குப் பதினாறு வயதிலிருந்து சொரியாசிஸ் என்ற தோல் நோய். முதுகிலும் கால்களிலும் செதில் செதிலாக இருக்கும். அதனால் பல வருடங்களாக முழுக்கைச் சட்டை இல்லாமல் நான் வெளியே போனதே இல்லை. அளவான வெயில் இந்தத் தோலுக்கு நல்லது என்று மருத்துவர் சொன்னார். சரி, அந்த வெயிலை எங்கே போய் நின்று வாங்குவது? கூட வேலை செய்யும் நண்பர் ஒருவர்தான் இந்தக் கரையைச் சொன்னார். போவதா வேண்டாமா என்று யோசித்தே ஒரு கோடையைக் கழித்தேன். அப்போது யாராவது சொல்லித் தந்திருக்கலாமே என்று ஏங்கிய விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போகுமுன்: சட்டம் என்ன சொல்கிறது

பொது இடத்தில் தகுந்த காரணமின்றி நிர்வாணமாக இருப்பது கனடாவின் குற்றவியல் சட்டம் 174ஆம் பிரிவின்படி குற்றம். ஹன்லன்ஸ் பொயின்ற்றில் மட்டும் நகரசபையே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. 1999இல் சோதனையாகத் தொடங்கி 2002இல் நிரந்தரமாக்கினார்கள். 2023இல் அந்தப் பகுதியை இன்னும் பெரிதாக்கினார்கள். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கரையில் பலகை இருக்கும். அந்த எல்லையைத் தாண்டினால், தண்ணீர்க் குழாயடிக்குப் போவதானாலும், உடுப்போடுதான் போக வேண்டும்.

பெண்களுக்கு இன்னொன்று. 1991 கோடையில், வெயில் தாங்காமல் குவெல்ஃப் நகரத் தெருவில் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு நடந்த க்வென் ஜேக்கப் என்ற மாணவியைக் கைது செய்தார்கள். 1996இல் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதிலிருந்து இந்த மாகாணத்தில் ஆண்களைப் போலவே பெண்களும் மேலாடை இல்லாமல் இருக்கலாம். ஆகவே முழுவதும் கழற்றத் தயக்கமாக இருந்தால் பாதியில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதையும் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

ஜூன் கடைசியிலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை, ஒரு வார நாள் காலையில் போங்கள். சனி ஞாயிறு பிற்பகலில் கூட்டம் நெரியும். முதல்முறைக்கு அது வேண்டாம்.

கிளம்பும் நாள் காலையில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, தண்ணீரின் தரம். கோடையில் நகரின் சுகாதாரத் துறை ஈ.கோலை கிருமிக்காக ஏரித் தண்ணீரைச் சோதித்து, குளிக்கலாமா கூடாதா என்று இணையத்தில் போடுகிறது. கன மழை பெய்த மறுநாள் பெரும்பாலும் குளிக்காமல் இருப்பதே நல்லது. இன்னொன்று, தண்ணீரின் குளிர். ஒன்ராறியோ ஏரியை நம்ப முடியாது. காற்று மேலே உள்ள இளஞ்சூட்டு நீரை ஏரியின் நடுப்பக்கம் தள்ளிவிட்டால் அடியில் கிடக்கும் குளிர்ந்த நீர் கரைக்கு ஏறி வந்துவிடும். நேற்று இதமாக இருந்த தண்ணீர் இன்று பல்லைக் கிட்ட வைக்கும். எடுத்த எடுப்பில் பாயாமல் காலை வைத்துப் பார்த்து இறங்குங்கள்.

படி 2: பையில் என்ன வைப்பது

துவாய் இரண்டு. ஒன்று துடைக்க, ஒன்று உட்கார. வாங்கிலோ நண்பரின் நாற்காலியிலோ வெறும் உடம்போடு உட்காரக் கூடாது, துவாயை விரித்துத்தான் உட்கார வேண்டும். உடுப்பில்லாத கரைகளில் எங்கேயும் முதல் மரியாதை இதுதான்.

அப்புறம் ஒரு சாறம் (லுங்கி). இந்த இடத்துக்கென்றே நெய்தது போல இருக்கும். கழற்ற ஒரு நொடி, கட்ட ஒரு நொடி. பாதை வரை நடக்க, குளிர் காற்று வந்தால் போர்த்திக்கொள்ள, மணலில் விரிக்க, எல்லாவற்றுக்கும் உதவும். பெண்கள் குளிக்கும்போது குறுக்குக்கட்டு கட்டும் துணியைக் கொண்டுபோகலாம்.

சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல். நம் தோல் கறுப்பு, வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைக்காதீர்கள். பிறந்ததிலிருந்து வெயிலே பார்க்காத இடங்கள் உடம்பில் எத்தனையோ இருக்கின்றன. அங்கேதான் முதலில் எரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், குளித்துவிட்டு வந்தவுடனும் திரும்பப் பூசுங்கள். என்னைப் போல் சொரியாசிஸ் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். அளவான வெயில் ஆற்றும், சுட்டுவிட்டால் இருப்பதையும் கூட்டிவிடும். எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டே போங்கள்.

தண்ணீரும் சாப்பாடும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். நான் புளிச்சாதம் கட்டிக்கொண்டு போவேன்.

படி 3: ஃபெரி (தீவுக்குப் போகும் படகு)

யூனியன் நிலையத்திலிருந்து 509 அல்லது 510 ஸ்ட்ரீட்காரில் குயின்ஸ் கீ வரை போகலாம். நடந்தாலும் கால் மணி நேரம்தான். பே வீதி முடியும் இடத்தில் ஜாக் லேற்றன் ஃபெரி நிலையம் இருக்கிறது. போக வர இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், பெரியவர்களுக்கு ஏறத்தாழ 9 டொலர். இணையத்தில் வாங்கிவிட்டால் ஒரு வரிசை மிச்சம்.

உள்ளே மூன்று வரிசைகள் உண்டு: சென்ரர் ஐலண்ட், வார்ட்ஸ் ஐலண்ட், ஹன்லன்ஸ் பொயின்ற். குழந்தைகளோடு வருகிற பெருங்கூட்டம் சென்ரர் ஐலண்டுக்குப் போகிறது. பலகையைப் பார்த்து ஹன்லன்ஸ் வரிசையில் நில்லுங்கள். இந்தப் படகு குளிர்காலத்தில் ஓடாது.

இறங்கியதும் ஒரு படகோட்டியின் வெண்கலச் சிலை நிற்கும். அவர்தான் நெட் ஹன்லன், 19ஆம் நூற்றாண்டில் துடுப்புப் படகில் உலகை வென்றவர். இந்த இடத்தின் பெயர் அவர் குடும்பத்தின் பெயர். பேஸ்போல் வீரர் பேப் ரூத் தொழில்முறை ஆட்டத்தில் தன் முதல் ஹோம் ரன்னை அடித்ததும் இங்கேதான், 1914 செப்டெம்பர் 5ஆம் தேதி. அங்கிருந்து, தீவிலேயே இருக்கும் விமான நிலையத்தின் வேலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தெற்கே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் மணற்கரைக்குப் போகும் பாதை வரும்.

பாதையை விட்டு மணல்மேடுகளுக்குள் இறங்காதீர்கள். அந்த மேடுகள் புல்லின் வேரைப் பிடித்துக்கொண்டு நிற்பவை, மிதித்தால் சரிந்துவிடும். அதோடு தீவில் பொய்சன் ஐவி என்ற நச்சுச் செடி இருக்கிறது. ஒரு காம்பில் மூன்று இலை கண்டால் தள்ளி நடங்கள். கைகாலில் பட்டாலே நாள்கணக்கில் அரித்துக் கொப்பளிக்கும். உடுப்பில்லாத உடம்பு என்றால் கேட்கவே வேண்டாம். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

படி 4: கழற்றுவது

எல்லாரும் பயப்படும் இடம் இது. எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

முதலில் உடுப்போடு ஓர் இடம் பிடித்து உட்காருங்கள். அரை மணி நேரம் சும்மா இருங்கள். சுற்றிலும் பாருங்கள், ஆனால் யார் மீதும் கண்ணை நிறுத்தாதீர்கள். தொந்தி வைத்த பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அறுவைச் சிகிச்சைத் தழும்போடு ஒரு பாட்டி தண்ணீரில் நிற்பார். இளம் சோடி ஒன்று பழம் வெட்டிச் சாப்பிடும். விளம்பரப் பலகையில் காட்டும் உடம்பு அங்கே அபூர்வம். அந்த அரை மணி நேரத்தில் எனக்குள் ஏதோ இளகிவிட்டது. என் முதுகை மறைக்க நான் பட்ட பாட்டையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். பிறகு சாறத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே இருந்ததைக் கழற்றினேன். தண்ணீரின் ஓரம் வரை சாறத்தோடு போய், அதைக் கரையில் வைத்துவிட்டு இறங்கினேன். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மழையில் முற்றத்தில் அம்மணமாக ஓடிய வயதுக்குப் பிறகு அன்றுதான் என் முதுகில் நேராகத் தண்ணீர் பட்டது போல இருந்தது.

ஆண்கள் கேட்கத் தயங்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உடம்பு தன்னிச்சையாக விறைத்தால் என்ன செய்வது? குப்புறப் படுங்கள், அல்லது துவாயை மேலே போடுங்கள், அல்லது தண்ணீருக்குள் போங்கள். சற்று நேரத்தில் அடங்கிவிடும். மறைக்காமல் நடந்து திரிவதுதான் தவறு.

படி 5: கண், போன், வாய்

போன் பையில் இருக்கட்டும். படமே எடுக்காதீர்கள், செல்ஃபிகூட. பின்னால் இருப்பவர் அதில் விழுவார். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். நம் ஆட்கள் சிலர் உடுப்போடு வந்து, கூட்டமாக நின்று, போனை உயர்த்தியதைப் பார்த்திருக்கிறேன். அன்று பக்கத்தில் இருந்த ஒரு பெண் எழுந்து உடுத்திக்கொண்டு போய்விட்டார். வேடிக்கை பார்க்க வருவதென்றால் வராதீர்கள்.

முன்பின் தெரியாதவரிடம் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள், பாராட்டும் வேண்டாம். ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் பேச்சை அங்கேயே விடுங்கள். பாலியல் நடத்தைக்கு இங்கே இடமில்லை, அது எல்லாப் பொது இடத்தையும் போல இங்கேயும் குற்றம். யாராவது தொல்லை கொடுத்தால் இடம் மாறி உட்காருங்கள், விடவில்லை என்றால் பொலிஸைக் கூப்பிடுங்கள்.

இந்தக் கரை நமக்குக் கிடைத்ததில் பால்புதுமையினருக்கு, அதாவது தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோருக்கு, பெரிய பங்கு உண்டு. 1971 ஆகஸ்ட் 1ஆம் தேதி ரொறன்ரோவின் முதல் ‘கே’ பிக்னிக் இங்கேதான் நடந்தது. இன்றும் இது அவர்களுடைய வீடு போன்ற இடம். அவர்களோடு பக்கத்தில் உட்கார மனம் ஒப்பாதவர்கள் வேறு கரைக்குப் போகலாம்.

படி 6: திரும்புவது

கரை மேற்கு நோக்கியது. சூரியன் நேராகத் தண்ணீரில் இறங்கும், எழும்ப மனமே வராது. அதனால் வரும்போதே கடைசி ஹன்லன்ஸ் படகின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் சென்ரர் ஐலண்ட் துறைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும், வார்ட்ஸ் இன்னும் தூரம். மணலை உதறிவிட்டு, எல்லைப் பலகைக்கு முன்னாலேயே உடுத்திக்கொள்ளுங்கள். நான் இப்போதெல்லாம் அரைக்கைச் சட்டைதான் கொண்டுபோகிறேன்.