முதலில் இரண்டு பெட்டி: கொடைக்கானல் கீழ்மலையில் தேனீ வளர்ப்பைத் தொழிலாக்க நினைப்பவர்களுக்கு

தேனீ மேல் ஆசை பிறப்பது பெரும்பாலும் காபி பூக்கும் சமயத்தில்தான். மார்ச்சில் காபி மொட்டை மலர வைக்கும் பூ மழை ஒன்று விழுந்தால் போதும், எட்டுப் பத்து நாளில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துத் தோட்டங்கள் வெள்ளையாகிவிடும். மல்லிகை போல மணம், காது நிறைய ரீங்காரம். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் பெட்டி வாங்கலாம் என்று அந்த வாரத்தில் யாருக்கும் தோன்றும். பெட்டியை வாங்குங்கள், வேலையை விட வேண்டாம். காபிப் பூ மூன்று நான்கு நாள்தான் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் பெட்டிப் பக்கம் போக மனம் வருகிறதா என்று பார்த்த பிறகே இது உங்கள் தொழிலா என்று தெரியும். அதற்கு முழுசாக ஒரு வருஷம் வேண்டும். பெட்டி இரண்டு போதும்.

ஒன்று ஏன் போதாது என்றால், ராணி செத்துப்போன கூட்டம் புது ராணியை வளர்க்க முட்டையோ மூன்று நாளுக்கு உட்பட்ட இளம்புழுவோ வேண்டும். அடுத்த பெட்டியிலிருந்து முட்டை உள்ள ஒரு சட்டத்தை (தேனீ மெழுகால் அறை அறையாக அடை கட்டும் மரச்சட்டகம்) எடுத்து, தேனீக்களை அங்கேயே உதறிவிட்டு, இதில் வைத்தால் கூட்டம் பிழைத்துக்கொள்ளும். ஒற்றைப் பெட்டிக்காரருக்கு அந்தச் சட்டம் கிடைக்காது. மானியத்தில் கிடைக்கிறது என்று முதல் வருஷமே பத்துப் பெட்டி இறக்குவதும் தப்பு. ஞாயிறு ஒரு காலையில் பத்தையும் திறந்து பார்த்து மூடப் பழகாத கையால் முடியாது. பார்க்காமல் விட்ட பெட்டிதான் முதலில் காலியாகும்.

வாங்கும் முன் ஒரு நாளாவது பயிற்சிக்குப் போங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலோ காந்திகிராமத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்கலாம். அனுபவமுள்ளவர் பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கொட்டு விழாமல் இந்தத் தொழில் இல்லை. கொட்டிய இடம் வீங்குவது சகஜம், கொடுக்கை உடனே சுரண்டி எடுத்துவிட்டால் விஷம் குறைவாக ஏறும். உடம்பெல்லாம் தடித்தாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்படி ஆகிற உடம்புக்கு, டாக்டரைக் கேட்காமல் இந்த வேலை வேண்டாம்.

இனம் இந்தியத் தேனீயாகவே இருக்கட்டும். சமவெளியிலிருந்து லாரியில் ஏறி வரும் கூட்டத்தைவிடப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தது மேல். அது இந்த மலையின் பனிக்கும் பூ வரிசைக்கும் பழகியது. நான்கைந்து சட்டம் நிறையத் தேனீ அப்பியிருக்க வேண்டும். அடையில் முட்டை, புழு, மூடிய அறை மூன்றும் தெரிய வேண்டும். மூடி திறந்த அறையில் புழு தலை நிமிர்ந்தபடி செத்து, தூக்கினால் நீர் கட்டிய பை போல வந்தால் அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள். தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் அது. 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பெட்டி பெட்டியாகக் கூட்டங்களை அழித்தது இதுதான். மருந்து கிடையாது.

வைக்கும் இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். காபியோடு ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட், சில்வர் ஓக், கல்யாண முருங்கை என்று ஒன்று மாற்றி ஒன்று பூக்கிற இடம்தான் வேண்டும். வாசல் கிழக்கே பார்க்கட்டும், உச்சி வெயிலுக்கு நிழல் இருக்கட்டும். ஸ்டாண்டின் கால்களை நீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். கிண்ணத்தில் ஒரு காய்ந்த இலை குறுக்கே விழுந்தாலும் எறும்புக்கு அது பாலம். கரடி நடமாடும் பகுதியென்றால் வீட்டை ஒட்டியே வையுங்கள். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் மருந்து அடிக்கும் தேதியை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, தேனீயெல்லாம் கூடு திரும்பிய பிறகு சாயங்காலம் அடிக்கச் சொல்லுங்கள்.

வாரம் ஒருமுறை பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர். பனி விலகி வெயில் விழுந்த பிறகு, ஒன்பது மணி வாக்கில் போங்கள். வாசலுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, காலில் மகரந்த உருண்டையோடு ஒரு நிமிடத்தில் எத்தனை தேனீ நுழைகிறது என்று எண்ணுங்கள். மகரந்தம் தாராளமாகப் போகிறதென்றால் உள்ளே ஊட்ட வேண்டிய புழு இருக்கிறது. பிறகு தேங்காய் நார்ப் புகை இரண்டு ஊது போதும். ஓரச் சட்டத்தை முதலில் எடுத்து வைத்தால் மற்றவற்றை நசுக்காமல் நகர்த்த இடம் கிடைக்கும். சட்டத்தைப் பெட்டிக்கு மேலேயே பிடியுங்கள், ராணி தவறினாலும் உள்ளே விழட்டும்.

வெயில் தோளுக்குப் பின்னாலிருந்து அறைக்குள் விழும்படி சட்டத்தைச் சாயுங்கள். அறையின் அடியில், வெள்ளை நூலைப் பொடியாக நறுக்கி நட்டாற்போல நிற்பதுதான் முட்டை. மூன்று நாளில் பொரித்துவிடும் என்பதால், முட்டை தெரிந்தால் கடந்த மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறாள். அவளைத் தேடிச் சட்டத்தையெல்லாம் கலைக்க வேண்டாம். ஒரே அறையில் மூன்று நான்கு முட்டை சுவரில் ஒட்டிக் கிடந்தால் ராணி இல்லை, பணித் தேனீக்கள் முட்டையிடத் தொடங்கிவிட்டன. அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை போல அறைகள் தொங்கினால் கூட்டம் பிரியப் பார்க்கிறது. ஐந்து நிமிடத்தில் மூடிவிடுங்கள். புழு அறைக்குள், அதாவது ராணி முட்டையிட்டுப் புழு வளரும் கீழ்த்தட்டுக்குள், 34, 35 டிகிரிச் சூடு இருக்க வேண்டும், மலைக்காற்று அதைக் கெடுத்துவிடும். தேதி, முட்டை, தேன், தேனீ அப்பிய சட்டங்கள் எத்தனை என்று நான்கும் நோட்டில் ஏறட்டும்.

மழைக்காலம்தான் உண்மையான சோதனை. பூ இருக்காது, பறக்க வெயிலும் இருக்காது. 200 கிராம் சர்க்கரையை 200 மில்லி நீரில் கரைத்து, வாரத்துக்கு ஒருமுறை, இருட்டும் நேரத்தில் பெட்டிக்குள் வையுங்கள். பகலில் வைத்தாலோ வெளியே சிந்தினாலோ அடுத்த கூட்டம் கொள்ளைக்கு வந்துவிடும். அடிப்பலகையைச் சுரண்டித் துடையுங்கள். மெழுகுத் துகளும் சாம்பல் நிற வலையும் தெரிந்தால் மெழுகுப் பூச்சி இறங்கியிருக்கிறது. தேனீ மூடாத காலி அடைதான் அதற்கு வீடு. அதனால் ஆள் குறைந்த கூட்டத்தில் அந்த அடைகளை எடுத்துவிட்டு, இருக்கிற தேனீ முழுக்க மூடும் அளவுக்கே சட்டம் விடுங்கள். பசி, எறும்பு, அடிக்கடி திறந்து பார்க்கிற நம் ஆர்வம் எல்லாம் சேர்ந்தால் ஒரு நாள் காலையில் கூட்டமே பெட்டியை விட்டுப் போயிருக்கும்.

பூக்காலத்தில் சர்க்கரைப் பாகு கூடவே கூடாது, அது தேனில் கலந்துவிடும். தேன் சேரும் மேல்தட்டான தேன் அறையின் சட்டத்தில் முக்கால் பங்கு மெழுகு மூடிய பிறகு எடுங்கள். ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் போனால் தரவிதிக்கும் பொருந்தாது, பாட்டிலில் நுரைத்துப் புளிக்கவும் செய்யும். புழு அறைத் தேனில் கை வைக்காதீர்கள், மழைக்கால உணவு அது. விற்கும்போது கிராமில் எழுதுங்கள். தேன் கனமானது, அரை லிட்டர் பாட்டிலில் சுமார் 700 கிராம் பிடிக்கும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்த பிறகே லேபிள் ஒட்ட வேண்டும்.

இனி வரவு செலவு. பெட்டிக்கு வருஷம் ஐந்து கிலோ என்று குறைத்தே வையுங்கள். கிலோ 600 ரூபாய்க்குப் போகிறதென்றால் இருபது பெட்டிக்கு 60,000. மாதக் கணக்கில் 5,000, அதிலும் சர்க்கரை, பாட்டில், வண்டிச் செலவு கழியும். தேனை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. கூட்டம் பிரித்து விற்பது, மெழுகு, பயிற்சி, மிளகோ காபியோ உள்ள சொந்த நிலம் என்று இன்னொரு வரவு சேர வேண்டும். ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருந்து, இரண்டு வருஷத் தேனும் வாங்கியவர்களே திரும்பி வந்து வாங்கித் தீர்ந்திருந்தால், அப்போது வேலையை விடுவதைப் பற்றி வீட்டில் பேசலாம்.

இரண்டை நான்காக்குவது இரண்டாம் வருஷ வேலை. பெட்டியில் ஆண் தேனீக்கள் தெரிந்த பிறகே பிரியுங்கள். அதற்கு முன் பிரித்தால் புது ராணிக்கு இணை கிடைக்காமல் கூட்டம் வீணாகும். பிரித்த வருஷம் தேன் குறையும் என்பதால், அந்த வருஷம் முழுக்கச் சம்பளம் வந்துகொண்டிருக்கட்டும்.