பிளஸ் டூவுக்குப் பிறகு நிதியா, ஹோட்டல் நிர்வாகமா? பாடத்திட்டம் பார்ப்பது முதல் சான்றிதழ் வாங்குவது வரை

என் தம்பி வணிகவியல் பிரிவில் பிளஸ் டூ முடித்தபோது, பி.காம். கணக்கியல் மற்றும் நிதி, பி.எஸ்சி. ஹாஸ்பிடாலிட்டி மற்றும் ஹோட்டல் நிர்வாகம் ஆகிய இரண்டு படிப்புகளுக்கு இடையே முடிவெடுக்க முடியாமல் நின்றான். வீட்டில் அவனுக்கு முன் பட்டப்படிப்புக்குச் சென்றவள் நான் ஒருத்திதான் என்பதால், விண்ணப்பப் பொறுப்பு முழுவதும் என்னிடம் வந்தது. அந்த இரண்டு மாதங்களில் நான் கற்றுக்கொண்டதை, இதே இடத்தில் நிற்கும் மாணவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி, படிப்பின் பெயரை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைப் பார்ப்பது. இரண்டும் மூன்றாண்டுப் படிப்புகள்தான், ஆறு பருவங்கள்தான். ஆனால் அந்த ஆறு பருவங்களும் கழியும் விதம் முற்றிலும் வேறு. நிதிப் பிரிவில் நிதிக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், நிறுமக் கணக்கியல், வருமான வரி, நிதி மேலாண்மை என்று பெரும்பாலும் மேசையில் அமர்ந்து போடும் கணக்குகளாகவே இருக்கும். ஹோட்டல் நிர்வாகத்தில் ஃபுட் புரொடக்‌ஷன் (சமையல்), உணவு பரிமாறும் சேவை, ஃப்ரண்ட் ஆபீஸ் (வரவேற்பு), ஹவுஸ்கீப்பிங் (அறைப் பராமரிப்பு) ஆகிய நான்கு துறைகளிலும் செய்முறை வகுப்புகள் உண்டு. ஒரு கட்டத்தில் ஹோட்டலில் மாதக்கணக்கில் தொழிற்பயிற்சியும் பெற வேண்டும். நாள் முழுவதும் நின்றபடி வேலை செய்ய உடலும் மனமும் ஒத்துழைக்குமா என்பதை இப்போதே நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பி.பி.ஏ. படிக்க நினைப்பவர்கள், 2024-25 கல்வியாண்டு முதல் அந்தப் படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏ.ஐ.சி.டி.இ.யின் வரம்புக்குள் வந்துவிட்டதால், கல்லூரிக்கு அந்த ஒப்புதல் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ‘ஹோட்டல் மேனேஜ்மென்ட்’ என்று பலகை வைத்திருக்கும் சில இடங்களில் டிப்ளமோ மட்டுமே தருவார்கள். பட்டம் வழங்கப்போகும் பல்கலைக்கழகம் எது என்று கேட்டு, எழுத்தில் பதில் பெற்ற பிறகே பணம் கட்டுங்கள்.

இரண்டாவது படி, ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது. நூறு அறைகள் கொண்ட ஒரு ஹோட்டலில் ஓர் இரவு 70 அறைகள் நிரம்பி, அறை வாடகையாக மொத்தம் 2,10,000 ரூபாய் வந்தது என்று வைத்துக்கொள்வோம். நிரம்பிய அறை ஒன்றுக்குச் சராசரி வாடகை 3,000 ரூபாய். இருக்கும் எல்லா அறைகளுக்கும் பகிர்ந்தால், அறை ஒன்றுக்கு 2,100 ரூபாய். ஹோட்டல்காரர்கள் இதைத்தான் ரெவ்பார் என்கிறார்கள். வாடகையை 2,500 ரூபாயாகக் குறைத்து 90 அறைகளை நிரப்பினால் ரெவ்பார் 2,250 ரூபாயாக உயரும், ஆனால் கூடுதலாக இருபது அறைகளைச் சுத்தம் செய்யும் செலவும் சேரும். இதைக் கேட்டவுடன் அந்தச் செலவு எவ்வளவு, லாபம் நிற்குமா என்று கணக்கிடத் தோன்றினால் நிதிப் பிரிவு உங்களுக்குப் பொருந்தும். அந்த இருபது அறைகளை மதியத்துக்குள் யாரைக் கொண்டு தயார்செய்வது என்று யோசிக்கத் தோன்றினால் ஹோட்டல் நிர்வாகம் பொருந்தும். என் தம்பி இரண்டாவது கேள்வியைத்தான் கேட்டான். நிதிக் கதவு அதனால் மூடிவிடுவதில்லை என்பதையும் அவனுக்கு விளக்கினேன். வணிகவியல் பட்டதாரி 55 விழுக்காடும் பிற பட்டதாரிகள் 60 விழுக்காடும் பெற்றிருந்தால், பட்டயக் கணக்காளர் படிப்பான சி.ஏ.வில், முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமலே அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டில் சேரலாம்.

மூன்றாவது படி விண்ணப்பம். அரசு கலைக் கல்லூரிகளில் பி.காம். சேர, மாநில அரசின் இணையதளத்தில் ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைக் குறிப்பிடலாம். மொழிப்பாடங்களை நீக்கி, மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணுக்குத் தரவரிசை போடுவார்கள். தரமணியில் உள்ள மத்திய அரசின் ஹோட்டல் மேலாண்மை நிறுவனத்திலும், திருச்சி துவாக்குடியில் உள்ள மாநில நிறுவனத்திலும் இந்த பி.எஸ்சி. படிக்க, தேசியத் தேர்வு முகமை நடத்தும் என்.சி.எச்.எம். ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிளஸ் டூவில் எந்தப் பிரிவில் படித்திருந்தாலும், ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தால் போதும். தேர்வு தமிழில் இல்லை, தவறான விடைக்கு மதிப்பெண் குறையும், ஆங்கிலப் பகுதிக்கும் சேவைத்துறை மனப்பாங்குப் பகுதிக்கும் எடை அதிகம். தமிழ்வழியில் படித்தவர்கள் நான்கு மாதங்களுக்கு முன்பே தினமும் ஓர் ஆங்கில நாளிதழைப் படிக்கத் தொடங்க வேண்டும்.

நான்காவது படியில்தான் நான் தடுக்கி விழுந்தேன். எங்களிடம் மாநில அரசின் பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) சாதிச் சான்றிதழ் இருந்ததால், மத்திய அரசு நிறுவனங்களில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கான 27 விழுக்காடு ஓ.பி.சி. ஒதுக்கீட்டுக்கு அதுவே போதும் என்று நினைத்தேன். போதாது. மத்திய ஒதுக்கீட்டுக்கு, மத்திய அரசு வகுத்த படிவத்தில் ‘கிரீமி லேயர் அல்லாதவர்’ (பிற்படுத்தப்பட்டோரில் வசதி மிக்க பிரிவைச் சேராதவர்) என்று குறிப்பிட்ட தனி ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், அதையும் அந்தச் சேர்க்கை ஆண்டின் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியிருக்க வேண்டும். கலந்தாய்வுக்கு ஐந்து நாட்களே இருந்தபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரைத் தாண்டி அது வட்டாட்சியரிடம் செல்லும். இடையில் ஒருவர் விடுப்பில் இருந்தாலும் நாட்கள் ஓடிவிடும். எங்களுக்குக் கடைசி நாள் மாலையில் கிடைத்தது, அதுவரை வீட்டில் யாரும் சரியாக உறங்கவில்லை. உங்கள் சாதி மாநிலப் பட்டியலில் மட்டுமின்றி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா, எழுத்துக்கூட்டு ஒத்துப்போகிறதா என்பதையும் முன்பே பாருங்கள். கிரீமி லேயரைத் தீர்மானிக்கும் 8 லட்சம் ரூபாய் ஆண்டு வருமான வரம்பைக் கணக்கிடும்போது பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது; இது தெரியாமல் தகுதியுள்ள பலர் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள்.

விண்ணப்பங்களைக் கைப்பேசியில் நிரப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கணினியில் நிரப்புங்கள், சான்றிதழ்களைக் கைப்பேசியில் படம் பிடிக்காமல் ஸ்கேனரில் வைத்து எடுங்கள், மதிப்பெண் சான்றிதழை அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரிலும் சேமித்து வையுங்கள். ஓ.டி.பி. வரும் எண் கலந்தாய்வு முடியும்வரை மாறக் கூடாது.

பின்சேர்க்கை: அறிவியல் பிரிவில் படித்த தன் மகளுக்கு பி.காம். கிடைக்குமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இந்த விதி கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது. வணிகவியலும் கணக்குப்பதிவியலும் படித்தவர்களுக்கு முன்னுரிமை தரும் கல்லூரிகள் உண்டு என்பதால், கல்லூரியின் சேர்க்கைக் கையேட்டில் தகுதிப் பகுதியைப் படித்துவிட்டு விருப்ப வரிசையை அமையுங்கள். இன்னொருவர், மகனின் பெயரில் உள்ள இனிஷியல் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னாலும் ஆதாரில் பின்னாலும் இருப்பதாக எழுதியிருந்தார். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள், ஓ.பி.சி. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதும் அதே வடிவத்தையே கொடுங்கள்.