பவளத் தொட்டிக்கு ஸ்கிம்மர்: தேர்ந்தெடுப்பதும் நுரையைச் சரிசெய்வதும்

பவளமும் கடல் மீனும் வளர்க்கும் உப்பு நீர்த் தொட்டி வைக்கத் தொடங்குபவர்கள் பலர், கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் என்ற கருவியை வாங்கும்போது விலையையும் கம்பெனிப் பெயரையும்தான் பார்க்கிறார்கள். வாங்கி வந்த பிறகு தினமும் வால்வைத் திருகிக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டுக்கும் அவசியம் இல்லை. சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டி) நீர்மட்டம் அசையாமல் இருந்தால் நடுத்தர விலை ஸ்கிம்மரே நன்றாக உழைக்கும்.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். மீன் கழிவு, கரைந்துபோன தீவனம், பவளம் விடும் சளி ஆகியவற்றில் உள்ள புரதம், கொழுப்பு போன்ற பொருட்களின் மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை தண்ணீரை விட்டு விலகும். பக்கத்தில் காற்றுக் குமிழி வந்தால், விலகும் முனை அதைப் பற்றிக்கொள்ளும். ஸ்கிம்மர் தண்ணீருக்குள் ஏராளமான நுண்குமிழிகளை விடுகிறது. அவை அழுக்கைச் சுமந்து மேலே போய், நுரையாகி ஸ்கிம்மரின் கழுத்து வழியாக ஏறி, மேலே உள்ள சேகரிப்புக் கப்பில் விழுகின்றன. அலை ஓங்கி அடிக்கும் நாளில் கரையில் ஒதுங்கும் நுரையும் இப்படி உருவாவதுதான். உப்பு நீரில் குமிழிகள் எளிதில் ஒன்றோடொன்று சேராமல் சிறிதாகவே இருக்கும். நன்னீரில் அப்படி நிற்காது, அதனால் அங்கே ஸ்கிம்மர் எடுபடாது.

கழிவு சிதைந்து நைட்ரேட் ஆகும் முன்பே அதை வெளியே எடுப்பதுதான் இதன் பலம். ஏற்கெனவே உருவான நைட்ரேட்டை இது தொடாது. அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மேனும் அவரது குழுவினரும் 2009இல் சில ஸ்கிம்மர்களை அளந்து பார்த்தார்கள். நீரில் இருந்த மொத்தக் கரிமக் கார்பனில், அதாவது கரிமக் கழிவின் அளவைக் காட்டும் கணக்கில், சுமார் 20 முதல் 35 சதவீதத்தைத்தான் அவை எடுத்தன. ஆகவே ஸ்கிம்மர் இருக்கிறது என்று நீர் மாற்றுவதை நிறுத்திவிடாதீர்கள்.

படி 1: அளவைத் தேர்ந்தெடுப்பது

80 லிட்டருக்குக் குறைவான தொட்டி என்றால் ஸ்கிம்மரே வேண்டாம். வாரம் ஒருமுறை 10 முதல் 15 சதவீதம் நீரை மாற்றினால் போதும். அந்தப் பணத்துக்கு நல்ல உப்பு வாங்குங்கள்.

அதற்கு மேல் போனால், பெட்டியில் பெரிதாக அச்சிட்ட லிட்டர் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். அது பெரும்பாலும் மீன் குறைவாக உள்ள தொட்டிக்கான கணக்கு. கையேட்டில் மீன் அதிகமுள்ள தொட்டிக்கு என்று தனியாக ஒரு எண் கொடுத்திருப்பார்கள், அதைப் பாருங்கள். 200 லிட்டர் தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு கோபி மீன், கொஞ்சம் மென்பவளம் மட்டும் என்றால் 200 முதல் 300 லிட்டருக்கானது போதும். ஆறேழு மீன் வைத்து நாளுக்கு இரண்டு மூன்று முறை தீவனம் போடுபவர் 400 லிட்டருக்கானதை எடுக்கலாம். அதற்கும் பெரிது வேண்டாம். கழிவு போதாமல் நுரை பாதிக் கழுத்திலேயே உடைந்து இறங்கும், கப் பல நாள் காலியாகவே இருக்கும்.

(இடையில் ஒன்று: பவளப்பாறை கட்டும் பவளங்களை நம் கடலில் இருந்து எடுப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று யாராவது மலிவாகக் கொடுத்தாலும் தயவுசெய்து வாங்காதீர்கள்.)

சம்ப் இல்லாதவர்களுக்குத் தொட்டியின் பின்புறம் தொங்கவிடும் வகை. சம்ப் இருந்தால் அதற்குள்ளேயே வைக்கும் வகை. வாங்கும் முன் சம்ப் அறையின் நீள அகலத்தை அளந்துகொள்ளுங்கள். உயரத்தை அளக்கும்போது, கப்பைத் தூக்கி எடுக்க மேலே இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கப்பைக் கழற்ற முடியாத ஸ்கிம்மரை யாரும் ஒழுங்காகக் கழுவுவதில்லை.

பம்ப் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் இருந்து உறவினர் வாங்கி வரும் ஏசி (மாறுமின்) பம்ப் ஸ்கிம்மர் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கானது. மின்மாற்றி போட்டு வோல்டேஜைச் சரிக்கட்டினாலும் நம் 50 ஹெர்ட்ஸில் அது மெதுவாகவே சுற்றும், குமிழி குறையும். டிசி (நேர்மின்) பம்ப் என்றால் அடாப்டர் 230 வோல்ட்டைத் தாங்குமா என்று பார்த்தால் போதும்.

படி 2: பொருத்துவது

புது ஸ்கிம்மரைத் தண்ணீரும் வெள்ளை வினிகரும் கலந்து கழுவி, பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெய்ப் பசை போக வேண்டும்.

தொட்டியின் மேல்மட்ட நீர் வந்து விழும் முதல் அறையில் வையுங்கள். கழிவு அதிகம் உள்ள நீர் அதுதான். எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கும், பெரும்பாலும் 15 முதல் 23 சென்டிமீட்டருக்குள். ஆழம் அதிகம் என்றால் அடியில் அக்ரிலிக் பலகை கொடுத்து உயர்த்துங்கள்.

இந்த மட்டம் மாறவே கூடாது. ஒரு சென்டிமீட்டர் ஏறினாலே நுரை பொங்கும், இறங்கினால் கப்பை எட்டாது. ஸ்கிம்மர் அறைக்கும், நீரைத் தொட்டிக்குத் திருப்பி ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் அறைக்கும் நடுவே உயரம் மாறாத தடுப்புச் சுவர் இருந்தால், ஆவியாகும் நீர் ரிட்டர்ன் அறையில் மட்டுமே குறையும், ஸ்கிம்மருக்கு எதுவும் தெரியாது. இரண்டும் ஒரே அறையில் இருந்தால் தானாக நீர் நிரப்பும் கருவி கட்டாயம். காலையில் சரியாக ஓடி மாலையில் நின்றுபோகிறது என்று சொல்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இந்த மட்டம் பற்றித்தான்.

படி 3: பழகவிடுவது

ஸ்கிம்மரில் இருந்து நீர் வெளியேறும் வால்வை முழுதாகத் திறந்து வைத்து ஓடவிடுங்கள். சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஒன்று நுரையே வராது, இல்லையென்றால் பொங்கி வழியும். உட்புறச் சுவரில் மெல்லிய உயிர்ப்படலம் படியும் வரை அப்படித்தான். மீனே விடாத புதுத் தொட்டி என்றால் கப் காலியாக இருப்பதுதான் இயல்பு.

படி 4: நுரையைச் சரிசெய்வது

காற்று வழியை முழுதாகத் திறந்தே விடுங்கள். டிசி பம்ப் என்றால் வேகத்தை ஓரிடத்தில் நிறுத்திவிடுங்கள். இனி கை வைக்க வேண்டியது வெளியேறும் வால்வில் மட்டும்.

வால்வை மூடினால் ஸ்கிம்மருக்குள் மட்டம் ஏறும், திறந்தால் இறங்கும். குமிழி கலந்த நீர் முடிந்து நுரை தொடங்கும் கோடு, கப் உடம்போடு சேரும் இடத்துக்கு, அதாவது கழுத்தின் அடிக்கு வர வேண்டும். கால் திருப்பு திருப்பிவிட்டு அடுத்த நாள் வரை காத்திருங்கள். ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு மறுபடி திருகினால் எந்த மாற்றம் எதைச் செய்தது என்று தெரியாமல் போகும்.

கப்பில் சேர்வது பால் கலக்காத கடுந்தேநீர் நிறத்தில் இருந்தால் நல்ல இடம். தார் மாதிரி கெட்டியாக, மிகக் கொஞ்சமாக வந்தால் வால்வைச் சற்று மூடுங்கள். வெளிறிய நீராக நிறைய வந்தால் சற்றுத் திறவுங்கள். வெளிறிய நீரோடு உப்பும் போகிறது. அந்த இடத்தை நன்னீர் நிரப்புவதால் தொட்டியின் உப்புத்தன்மை மெல்ல இறங்கும். வாரம் ஒருமுறை உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எண்ணெய்ப்பசையுள்ள தீவனம் போட்டாலோ தொட்டிக்குள் கை விட்டாலோ சில மணி நேரம் நுரை அடங்கிவிடும். அது தானே திரும்பும். பவளம் ஒட்டும் எபாக்சி பசை, குளோரின் நீக்கும் திரவம் ஆகியவை நுரையைத் தாறுமாறாகப் பொங்க வைக்கும். அன்று மட்டும் வால்வை முழுதாகத் திறந்துவிட்டு, அடங்கியதும் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பழைய இடம் மறக்காமல் இருக்க வால்வில் மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள்.

படி 5: மின்வெட்டுக்குத் தயாராவது

மின்சாரம் போனால் தொட்டியின் மேல்நீர் சம்ப்புக்கு இறங்கி மட்டம் ஏறிவிடும். திரும்ப வந்ததும் அந்த உயர்ந்த மட்டத்திலேயே ஸ்கிம்மர் ஓடத் தொடங்கி, கப் பொங்கி, அத்தனை அழுக்கும் மறுபடி தொட்டிக்கே போகும். ஸ்கிம்மரை மட்டும் ஐந்து பத்து நிமிடம் தாமதமாக ஓடவைக்கும் டைமர் போடுங்கள். கப்பில் இருந்து டியூப் இழுத்து வெளியே பாத்திரம் வைப்பதானால், நிறைந்ததும் ஸ்கிம்மரை நிறுத்தும் மிதவை சுவிட்ச் வேண்டும். இல்லையென்றால் ஒரே இரவில் சம்ப் உப்பு நீர் வெளியேறி, அதற்குப் பதில் தானாக நீர் நிரப்பும் கருவி நன்னீரை ஏற்றிவிடும்.

படி 6: கழுவுவது

கழுத்தில் படியும் கொழுப்பே நுரையைக் கொல்லும், வாரம் இரண்டு முறை துடையுங்கள். காற்றுக் குழாயின் வாயில் உப்பு கட்டியிருந்தால் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரை உறிஞ்சவிட்டால் கரையும். இரவெல்லாம் கதவடைத்து ஏசி ஓடும் அறை என்றால் அந்தக் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிடுங்கள். அறையில் சேரும் கார்பன் டை ஆக்சைடு உள்ளே போகாததால் பிஎச் இறங்காமல் நிற்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்பைக் கழற்றி, பாதிக்குப் பாதி வினிகர் கலந்த நீரில் ஊறப்போட்டு, சக்கரத்தில் படிந்த சுண்ணாம்பைத் தேய்த்து எடுங்கள். பொருத்தியபின் குமிழி கூடுதலாக வரும். வால்வை உடனே தொடாமல் ஒரு நாள் ஓடவிட்டு, அப்புறம் பாருங்கள்.