பானை எத்தனை லிட்டர் பிடிக்கும்? ஒரு நூல் போதும்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கோயில் திருவிழா வந்தால் மண்பானையில் சம்பாரம் கலக்குவோம் (நீர்மோர்தான், எங்கள் வாயில் மலையாளப் பெயரே நின்றுவிட்டது). ஒரு பானைக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். ஊற்றிப் பார்க்கவே வேண்டாம், ஒரு நூலும் ஸ்கேலும் எடுங்கள்.

அடியில், உயரத்தின் சரிபாதியில், வாயில் என மூன்று இடத்தில் நூலைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். வயிறு பெருத்த இடத்தில் அல்ல, சரிபாதியில். தப்பு நடப்பதே இங்கேதான். பானை 1 செ.மீ. கனம் என்றால் ஒவ்வொரு சுற்றளவிலும் 6.28 செ.மீ. கழியுங்கள், உயரத்தில் அடியின் கனத்தையும்.

கழித்தபின் அடி 60, நடு 120, வாய் 80, உயரம் 40 செ.மீ. என்று வைப்போம். மூன்றையும் வர்க்கமாக்கி, நடுவை மட்டும் 4 ஆல் பெருக்கிக் கூட்டினால் 3600 + 57600 + 6400 = 67600. அதை உயரத்தால் பெருக்கி 75.4 ஆல் (24 பை) வகுங்கள், வருவது கன செ.மீ.; 1000 ஆல் வகுத்தால் சுமார் 35.9 லிட்டர். நடுவுக்கு அந்த 4 கொடுக்காமல் மூன்று வட்டப் பரப்பையும் வெறுமனே சராசரி எடுத்தால் 26 லிட்டர்கூட வராது.

கல்லூரியில் படித்த சிம்சன் விதிதான் இது: இரு முனைப் பரப்போடு நடுப்பரப்பின் 4 மடங்கைக் கூட்டி, உயரத்தால் பெருக்கி, 6 ஆல் வகுப்பது. (சுற்றளவின் வர்க்கத்தை 4 பை ஆல் வகுத்தால் வட்டப் பரப்பு, அதனால்தான் 24 பை.) தொகையிடல் என்றால் வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு என்று மனதில் பதிந்திருக்கும், ஆனால் இங்கே அந்த வளைகோடு பானையின் ஓரம் இல்லை, ஒவ்வொரு உயரத்திலும் குறுக்கே வெட்டினால் கிடைக்கும் வட்டத்தின் பரப்பு எப்படி ஏறி இறங்குகிறது என்பதுதான். கோளம், கூம்பு, தலைவெட்டிய கூம்பு எல்லாவற்றிலும் அந்தப் பரப்பு உயரத்தின் இருபடிக் கோவை (உயரத்தின் வர்க்கத்துக்கு மேல் போகாதது). சிம்சன் விதியோ முப்படி வரை துல்லியம். அதனால் அங்கே தோராயமே கிடையாது. கோளத்தில் போட்டுப் பாருங்கள்: இரு முனையும் 0, நடு பை ஆர் வர்க்கம், அதன் 4 மடங்கை உயரமான 2 ஆர் ஆல் பெருக்கி ஆறில் ஒரு பங்கு எடுத்தால் நாம் மனப்பாடம் செய்த 4/3 பை ஆர் கனம் அப்படியே வந்து நிற்கும். எனக்கு இன்றும் இது சிலிர்ப்புதான்.

வானியல் அறிஞர் கெப்ளர் 1615-இல் திராட்சை மது பீப்பாய்களை அளப்பதைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஜெர்மனியில் இந்த விதிக்கு இன்னும் கெப்ளரின் பீப்பாய் விதி என்றே பெயர்.

சரி, கழுத்து ஒடுங்கிய குடம் என்றால்? வளைவு உள்ளே திரும்புவதால் மூன்று அளவு பிசகும். உயரத்தை நான்கு சமபாகமாக்கி ஐந்து சுற்றளவு எடுங்கள், வர்க்கங்களை வரிசையாக 1, 4, 2, 4, 1 ஆல் பெருக்கிக் கூட்டி, உயரத்தால் பெருக்கி, 150.8 ஆல் (48 பை) வகுங்கள்; லிட்டருக்கு இங்கும் 1000 ஆல் வகுக்க வேண்டும்.