பழைய சவரக்கத்திக்குப் புதுக் கொம்புக் கைப்பிடி: எங்கெல்லாம் கை தவறுகிறது

பழைய சவரக்கத்தி ஒன்று கையில் கிடைத்ததும் பெரும்பாலோர் கண்ணில் முதலில் படுவது துருதான். துரு போய், அலகில் முகம் தெரிகிற அளவுக்கு மின்னிவிட்டால் கத்தி மீண்டுவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் தோலில் ஓடுகிற கத்திக்கு மினுமினுப்பு கடைசித் தேவை. முதுகு எவ்வளவு தடிமன், அலகு எவ்வளவு அகலம், மூடும்போது அலகு இரண்டு கைப்பிடித் தகடுகளுக்கும் நடுவே இறங்குகிறதா என்ற அளவுகள்தான் கத்தியை நல்ல கத்தியாக வைத்திருக்கின்றன. எஃகை ஒருமுறை தேய்த்து எடுத்துவிட்டால் திரும்ப வைக்க வழியில்லை. அதனால் குறைவாக எடுப்பதுதான் இந்த வேலையின் முழுத் திறமையும் என்பேன்.

அலகைச் சோதிக்காமல் கொம்பு வாங்குவது முதல் தவறு. நடுவில் குழிவாகச் சாணை பிடித்த அலகு விளிம்பருகே காகிதம்போல மெலிந்திருக்கும். மயிரிழை விரிசல்கள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். நல்ல வெளிச்சத்தில், பூதக்கண்ணாடி வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். விரிசல் இருந்தால் அது அலமாரிக்கு மட்டும்தான், முகத்துக்கு ஆகாது. துருக்குழிகள் முதுகில் இருந்தால் கவலையில்லை. கூர் விளிம்பில் ஆழமாக இருந்தால், ஒவ்வொரு முறை சாணை பிடிக்கும்போதும் புதுப்புது ஓட்டைகள் வெளியே வந்துகொண்டே இருக்கும்.

அடுத்து பழைய கைப்பிடியைக் கழற்றுவது. ஆணியின் தலையை அரத்தால் மெதுவாகத் தேய்த்து எடுத்து, மெல்லிய துளையூசியால் தட்டி வெளியேற்ற வேண்டும். தகடுகளை நெம்பிப் பிரித்தால் கைப்பிடியும் உடையும், சில நேரம் அலகைக் கைப்பிடியோடு ஆணியால் கோக்கும் காம்பும் கீறும். பழைய தகடு செல்லுலாய்டாக இருந்தால் தீ, சூடு எதையும் அருகில் கொண்டுபோகாதீர்கள். அது சட்டென்று பற்றிக்கொள்ளும் பொருள். சிதையத் தொடங்கிய செல்லுலாய்டு அமில ஆவியை வெளியிட்டுத் தன்னிடம் இருக்கும் அலகையே அரித்துவிடும். மற்ற கத்திகளோடு ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது என்பதும் அதனால்தான். பழைய கொம்புக் கைப்பிடிகளின் வால் பக்கத்தில், இரண்டு தகடுகளுக்கும் நடுவே செருகிய ஆப்பு பல நேரம் ஈயம். அதை உலர்வாகத் தேய்த்துத் தூளைச் சுவாசிக்க வேண்டாம். தந்தமோ ஆமை ஓடோ என்று சந்தேகம் வந்தால், விற்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ சட்டக் கட்டுப்பாடுகள் உண்டு என்பதையும் மனதில் வையுங்கள்.

துருவை எடுக்கும்போது முரட்டு உப்புத்தாளில் தொடங்குவது பலருக்குப் பழக்கம். முதலில் எண்ணெய், உலோகப் பாலிஷ், மிக நுண்ணிய தாள் என்று போய்ப் பாருங்கள். போதவில்லை என்றால் மட்டும் முரடுக்கு இறங்கலாம். காம்பில் உள்ள முத்திரையைத் தொடவே கூடாது. அதுதான் கத்தியின் பிறப்புச் சான்று. அமெரிக்காவின் 1890 சுங்கச் சட்டம் 1891 முதல், அங்கே இறக்குமதியாகும் பொருள்களில் தயாரித்த நாட்டின் பெயரைக் கேட்டது. அதனால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்க் கத்திகளில் நாட்டுப் பெயர் இருக்கிறதா இல்லையா என்பது காலத்தைக் கணிக்க ஒரு துப்பு. அலகில் பொன் பூச்சு எழுத்து இருந்தால் நாலு தேய்ப்பில் அது காணாமல் போய்விடும்.

சூடுதான் எல்லாவற்றிலும் கொடிய தவறு. கார்பன் எஃகு அலகு ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பதம் இறங்கத் தொடங்கும். சுழலும் பாலிஷ் சக்கரத்தில் பிடித்தால், மெலிந்த விளிம்பு கண் இமைக்கும் நேரத்தில் அந்தச் சூட்டை எட்டிவிடும். முதலில் வைக்கோல் நிறம் தட்டும், சுமார் 300 டிகிரியில் நீலம். நீலம் தெரிந்த பிறகு தண்ணீரில் முக்கிப் பயனில்லை. அந்த இடம் மெத்தென்று ஆகிவிட்டது, கூர் நிற்காது. போதாக்குறைக்குச் சக்கரம் அலகின் விளிம்பைப் பிடித்துக் கையிலிருந்து பிடுங்கி வீசவும் செய்யும். என் அபிப்பிராயம் நேரானது: சவரக்கத்தியின் அலகுக்கு மின்சாரச் சக்கரம் தேவையே இல்லை. கையால் தேய்க்க நேரமாகும், ஆகட்டும்.

முதுகையும் அலகோடு சேர்த்துப் பளபளப்பாக்குவது இன்னொரு பொதுவான தவறு. சாணைக்கல்லில் முதுகும் விளிம்பும் ஒரே நேரத்தில் படுகின்றன. முதுகுதான் கோணத்தைத் தீர்மானிக்கிறது. 16 மி.மீ. அகல அலகுக்கு முதுகு 4.6 மி.மீ. தடிமனாக இருந்தால் கூரின் கோணம் ஏறக்குறைய 16.5 பாகை. முதுகை 4 மி.மீ.க்குத் தேய்த்துவிட்டால் அது 14.4 பாகைக்கு இறங்கிவிடும். அவ்வளவு மெல்லிய கூர் எளிதில் பொடிந்துபோகும். முதுகில் பழைய தேய்மானம் இரு பக்கமும் சமமாக இல்லை என்றால், சாணை பிடிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் விளிம்பு கல்லைத் தொடாமல் போகலாம். அதை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, கொம்புக்கு வருவோம். மாடு, எருமையின் கொம்பு என்பது நகமும் மயிரும் ஆன அதே கெரட்டின் புரதம். ஈரத்தை உறிஞ்சும், விடும், அதோடு வளையும். வாங்கி வந்த அன்றே அறுத்துத் துளை போடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. வேலை செய்யும் அறையிலேயே சில வாரங்கள் வைத்து, வளைகிறதா என்று பார்த்த பிறகு தொடங்குங்கள். இரண்டு தகடுகளையும் ஒரே கொம்பிலிருந்து, அடுத்தடுத்த பகுதிகளிலிருந்து எடுத்தால் அவை ஒரே மாதிரி அசையும். வெவ்வேறு கொம்பு என்றால் ஒன்று ஒரு பக்கமும் மற்றொன்று வேறு பக்கமும் இழுக்கும். கொஞ்சம் வளைந்திருந்தால் கொதிநீரில் சற்று நேரம் வைத்து இளக்கி, தட்டைப் பலகைகளுக்கு நடுவே இறுக்கி ஆறவிடலாம்.

தகடுகளை இரட்டைப் பக்க ஒட்டுநாடாவால் ஒட்டி, இரண்டையும் ஒன்றாகவே அறுத்துத் துளையிட வேண்டும். தனித்தனியாகத் துளைத்தால் அரை மில்லிமீட்டர் விலகல்கூட அலகை ஒரு பக்கம் சாய்த்துவிடும். அடியில் மரக்கட்டை கொடுத்து மெதுவாகத் துளையுங்கள். வேகம் கூடினால் மயிர் கருகும் வாடை வரும், கொம்பின் துளையோரம் சிதறும். கொம்புத் தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல. முகமூடி கட்டாயம், முடிந்தால் நனைத்துத் தேயுங்கள். தகடுகளின் உட்புறத்தையும் மெருகேற்றிவிட்டுத்தான் பூட்ட வேண்டும். பிறகு அங்கே கை போகாது.

ஆப்பைத் தகடுபோல் ஒரே தடிமனில் வைத்துவிடுகிறார்கள். அது வால் பக்கம் தடித்து, அலகின் பக்கம் மெலிந்து போக வேண்டும். அப்போதுதான் தகடுகள் இலேசாக வளைந்து, அலகு சுழலும் ஆணிப் பக்கம் அலகை இருபுறமும் பிடித்துக்கொள்ளும். ஆணி அடிக்கும் முன் மிகச் சிறிய திருகும் மரையும் போட்டுக் கட்டி, திறந்து மூடிப் பாருங்கள். விளிம்பு கொம்பைத் தொட்டால் ஆப்பின் ஒரு பக்கத்தைச் சற்றுத் தேய்த்தால் போதும். காம்பின் துளை பெரிதாகித் தளர்ந்திருந்தால் ஆணியைத் தடிப்பாக்க வேண்டாம், ஒரு பித்தளைக் குழாய்த் துண்டு உள்ளே இட்டால் சரியாகிவிடும்.

வழக்கமான 1.6 மி.மீ. பித்தளைக் கம்பியை வாஷருக்கு மேல் 1 மி.மீ.யைவிடக் கொஞ்சம் குறைவாக விட்டு வெட்டுங்கள். நீளம் கூடினால் தலை மடங்கும், குறைந்தால் குமிழ் ஆகாது. சின்னச் சுத்தியலால் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்ட வேண்டும். ஒரே பெரிய அடியில் முடிக்க நினைத்தால் கொம்பு பிளந்துவிடும். இரு பக்கமும் மாறி மாறித் தட்டி, இடையிடையே அலகு நடுவில் மூடுகிறதா என்று பாருங்கள். கூர் விளிம்பில் தடித்த நாடா ஒட்டியிருக்கட்டும். இல்லையென்றால் ஒரு கைத்தவறலில் விரலும் போகும், கூரும் போகும்.

சாணை கடைசியில். கைப்பிடி நேராகிய பிறகே 1000 எண் கல்லில் கூரை அமைத்து, 4000, 8000 என்று நுண்மைக்குப் போய், தோல் வாரில் முதுகை முன்னே விட்டு இழுத்து முடியுங்கள். முகத்தில் வைக்கும் முன் 70 சதவீத ஆல்கஹாலால் துடைக்க மறக்காதீர்கள். முன்பு யார் பயன்படுத்தினார்கள் என்று தெரியாது. ஒவ்வொரு சவரத்துக்குப் பின்னும் அலகை மட்டும் துடைத்து உலர்த்தி, ஒரு துளி எண்ணெய் தடவினால் போதும். கைப்பிடியைத் தண்ணீரில் ஊறவிட்டால் கொம்பு வீங்கி ஆணியைத் தளர்த்தும். உலர்ந்து வெளிறினால் எண்ணெயில் துடையுங்கள். கம்பளியைத் தின்னும் சிறு வண்டுப் புழுக்கள் கொம்பையும் தின்னும், பொத்தல் பொத்தலாக அரிக்கும். மூடிய பெட்டியில் வைத்து, மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.